வேலைத்தலத்தில் பால் எடுப்பது: மட்டக்களப்பு வெயிலுக்கு ஒரு கணக்கு

எடுத்து வைத்த தாய்ப்பால் அறை வெப்பநிலையில் 4 மணித்தியாலம் பழுதாகாது என்ற வரியைக் கேள்விப்படாத இளம் தாய் இன்று குறைவு. பம்ப் பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கிறது, வட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இருக்கிறது, யூடியூபிலும் இருக்கிறது. வரி பொய்யில்லை, ஆனால் பாதிதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது, 25 பாகை செல்சியசோ அதற்குக் குறைவோ உள்ள அறையில் 4 மணித்தியாலம் என்று. மட்டக்களப்பில் அப்படியொரு அறை எங்கே இருக்கிறது? மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் கிடைக்கலாம். ஏசி போட்ட வங்கிக் கிளைக்குள் கிடைக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடுவது இங்கே யாருக்கும் செய்தியே அல்ல. தகரக் கூரை போட்ட கட்டடத்துக்குள்ளும் ஆட்கள் நெரியும் பஸ்ஸுக்குள்ளும் அதைவிடக் கூடும்.

இந்தச் சில பாகை வித்தியாசம் சின்ன விடயமா? இல்லை. வேலைக்குப் போகும் தாய்மாருக்காகவே அமெரிக்காவில் செய்யப்பட்டு 1996இல் வெளியான ஆய்வொன்று, எடுத்த பாலை 15, 25, 38 என்று மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தது. 15 பாகையில் 24 மணித்தியாலமும் 25 பாகையில் 4 மணித்தியாலமும் பாதுகாப்பு என்று கண்டார்கள். 38 பாகையில் பாலை வைக்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். நமது பகல் வெப்பம் பின்னிரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெயிலில் நிறுத்திய வானுக்குள் விட்ட பையென்றால் 38ஐத் தாண்டியே இருக்கும்.

கிழக்கில் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு எந்தப் பம்ப் வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. எடுத்த பாலை எப்படிக் குளிராக வீட்டுக்குக் கொண்டுவருவது, எடுப்பதற்கு நேரமும் மறைவும் எங்கே கிடைக்கும் என்பவைதான் முதற்கேள்விகள். கடைக்காரர் இரண்டாவதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

யாரெல்லாம் இந்தக் கணக்கில் வருகிறார்கள் என்று பார்த்தால் பட்டியல் நீளம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் பாடசாலையுமாக இருக்கும் ஆசிரியைகள் முன்னுக்கு நிற்கிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது பலருக்குப் பயணம் சுருங்கியது உண்மை. ஆனாலும் குருமண்வெளி, மண்டூர், அம்பிளாந்துறை பக்கம் வாவியைக் கடக்கும் மிதவையான படகுப் பாதைக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு, பாதை அக்கரையில் நின்றால் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து போகும் தாதியர், பொத்துவிலிலோ திருக்கோவிலிலோ நியமனம் கிடைத்த அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், விடிய ஐந்தரைக்கே கம்பனி பஸ் ஏறும் கார்மென்ட் பிள்ளைகள், ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே தாயானவர்கள் என்று இன்னும் பலர். பாடசாலை மதியத்துக்குப் பிறகு விட்டாலும், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பின்னேரம் மூன்று மணிக்கு வீடு சேர்ந்தால் ஒன்பது மணித்தியாலம் பிள்ளையைப் பிரிந்தாயிற்று.

இனி லீவைக் கணக்குப் பார்ப்போம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மேலதிக உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இலங்கை இதை நன்றாகவே கடைப்பிடிக்கும் நாடு. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பெருமைப்படக்கூடிய எண்தான். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் பிரசவ லீவு உண்டு. சனி, ஞாயிறு, போயா, விடுமுறை எல்லாம் கழித்து எண்ணினால் நாலு மாதமளவில் வரும். அதன்பின் அரைச் சம்பளத்தில் இன்னொரு 84 நாளும், சம்பளமின்றி மேலும் 84 நாளும் எடுக்கலாம். வீட்டுக் கடனும் சீட்டுக் காசும் கட்டுகிறவருக்கு அரைச் சம்பளம் என்பது எடுக்கக்கூடிய லீவா என்பது வேறு கதை. கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கும் 84 நாள்தான், விடுமுறைகள் நீங்கலாக. தொழிற்சாலைத் தொழிலாளிக்குப் பொருந்துவது 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம். அது 12 வாரம் என்று எண்ணுகிறது. அதிலும் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்னே போனால் பிள்ளையோடு இருக்க மிஞ்சுவது பத்து வாரம். மூன்றாவது பிள்ளைக்கு லீவைப் பாதியாக்கும் பழைய வழக்கத்தை 2018இல் எடுத்துவிட்டார்கள். அது நல்ல காரியம். ஆனால் நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையிலுள்ள வெளி அப்படியே இருக்கிறது, கார்மென்ட் தொழிலாளிக்கு அது இன்னும் அகலம்.

அதே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நாளொன்றில் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைகளை வைத்துப் பார்க்க இடம் இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்தது பிள்ளை பக்கத்தில் இருக்கும் வேலைத்தலம். லயத்துக்கும் மலைக்கும் நடந்து போய் வரக்கூடிய தோட்டத்தை நினைத்துக்கொண்டால் அது விளங்கும். ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ தையல் மெசினில் இருப்பவளின் பிள்ளை இருபது, முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் அம்மம்மாவின் மடியில் கிடக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் அவள் எங்கே போய் வருவாள்? அந்த நேரத்தைப் பால் எடுக்கப் பயன்படுத்தினால்தான் அந்த உரிமைக்கே அர்த்தம் வரும். இடைவேளை கேட்டால் அன்றைய தையல் இலக்கு தவறும், இலக்கு தவறினால் அந்த மாத ஊக்கப்பணம் போகும் என்ற பயத்தில் கேட்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். புடவைக் கடையில் நிற்கிறவளின் நிலை இன்னொரு விதம்: அவளுக்குப் பொருந்தும் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் இந்த இடைவேளைப் பிரிவே கிடையாது. அங்கே முதலாளியின் மனதுதான் சட்டம்.

சரி, வேலைத்தலத்தில் எதற்காகப் பால் எடுக்க வேண்டும், பின்னேரம் வந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மார்பு ஒரு தொட்டி அல்ல, நிரம்பியதும் சும்மா காத்திருக்காது. பால் வெளியேறாமல் தேங்கினால், சுரப்பைக் குறை என்ற செய்தி அந்த மார்புக்குள்ளேயே உண்டாகிறது. தேங்கிய பாலில் உள்ள ஒரு புரதம் அதைச் செய்வதாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் தேங்கினால் நோவு, ஒவ்வொரு நாளும் தேங்கினால் பால் வற்றத் தொடங்கும். மூன்று கிழமையில் பால் வற்றிப்போச்சு என்று சொல்லும் தாய்மாரில் பலருக்கு உடலில் குறை ஒன்றும் இல்லை. ஒன்பது மணித்தியாலம் எடுக்காமல் விட்டதன் கணக்கு அது. பால் கட்டி, அந்த இடம் சிவந்து, குளிர்க்காய்ச்சலும் வந்தால் மார்பு அழற்சி. அதற்கு வைத்தியரிடம் போகத்தான் வேண்டும், ஆனால் அந்த மார்பில் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ஆகவே கொண்டுவர வழியில்லாத நாளிலும், எடுத்து ஊற்றிவிட நேர்ந்தாலும்கூட, எடுப்பது நல்லது. பாலை நிலத்தில் ஊற்ற மனம் வராதுதான். நாளைய பாலைக் காப்பாற்ற அதுதான் வழி.

இன்னொன்று, பால் சுரப்பதும் பால் இறங்குவதும் இரண்டு வேலைகள். சுரக்கச் செய்வது புரோலக்டின் என்ற ஓமோன், அது இரவில் கூடும். அதனால் வேலைக்குப் போகத் தொடங்கியபின் இரவுப் பாலை விடக்கூடாது என்பார்கள். இறங்கச் செய்வது ஒக்சிடோசின். பிள்ளையின் மணம், அழுகை, படம், நினைப்பு எல்லாம் அதைத் தூண்டும். வெட்கமும் பதற்றமும் அதைத் தடுக்கும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கப் போகிறது என்ற நிலையில் பத்து நிமிடம் பீச்சியும் இரண்டு கரண்டிதான் வந்தது என்றால், பால் இல்லை என்று அர்த்தமல்ல. போனில் பிள்ளையின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் கூடுதலாக வருகிறது என்று பலர் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்பதில் பயம் நிறைய. ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் பிள்ளை குடிக்கும் அளவு பெரிதாக மாறுவதில்லை. சராசரி ஒரு நாளைக்கு 750 முதல் 800 மில்லிலீற்றர், பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் பெரிது. மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணித்தியாலத்துக்கு 270. யூடியூபில் காட்டுவதுபோல ஃபிரீசர் நிறையப் பைகளை அடுக்கத் தேவையில்லை. நேற்று வேலைத்தலத்தில் எடுத்தது இன்றைக்கு, இன்றைக்கு எடுப்பது நாளைக்கு. முதல் நாளுக்கான அளவு மட்டும் கையில் இருந்தால் வண்டி ஓடும்.

கையாலா, பம்பாலா? நமது மிட்வைஃப் மிஸ்மார் சொல்லித்தருவது கையால் எடுப்பதைத்தான், அதில் நியாயம் இருக்கிறது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மார்பை மெல்லத் தடவி, பெருவிரலை மேலேயும் சுட்டுவிரலைக் கீழேயும் முலைக்காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி, கறுத்த வட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமத்தி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுப்பதல்ல, விரலைத் தோலில் வழுக்கிக்கொண்டு போவதுமல்ல. ஒரு பக்கம் சில நிமிடம், மற்றப் பக்கம் சில நிமிடம், விரல் வைக்கும் இடத்தைச் சுற்றிலும் மாற்றி மாற்றி. முழுவதற்கும் 20 முதல் 30 நிமிடம். நோகக் கூடாது, நொந்தால் முறை பிழை. தேவைப்படும் சாமான் அவித்துக் காயவைத்த, வாய் அகன்ற ஒரு பாத்திரம் மட்டும். கரண்ட் வேண்டாம், கழுவவேண்டிய குழாய், வால்வு எதுவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரும் ஒரேயொரு பைப்புமாக இருக்கும் பாடசாலையில் இது பெரிய சலுகை.

பம்ப் கெட்டது என்பதல்ல. தாதியின் இருபது நிமிட இடைவேளைக்கு இரண்டு பக்கமும் ஒரேநேரம் எடுக்கும் மின்பம்ப் வரப்பிரசாதம். ஆனால் பாமசிகளில் மலிவாகக் கிடைக்கும், ரப்பர் பந்தை அமத்தும் கண்ணாடிப் பம்பை மட்டும் வாங்க வேண்டாம். பந்துக்குள் பால் ஏறினால் கழுவ வழியில்லை, இழுவையையும் கட்டுப்படுத்த முடியாது, காம்பு புண்ணாகும். எந்தப் பம்பானாலும் பால் பட்ட பாகங்கள் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவேண்டும். ஈரத்தோடு பைக்குள் மூடி வைத்தால் இந்த வெக்கையில் கிருமி வளர்க்கிறோம் என்றுதான் பொருள். வேலைத்தலத்தில் கழுவ வசதி இல்லாவிட்டால் இரண்டு செட் வாங்குவதைவிடக் கையால் எடுக்கப் பழகுவது மலிவு. மார்பில் வைக்கும் வாய்ப்புனல் காம்பின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் எந்த விலைப் பம்பும் நோகும், பாலும் குறையும். விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இனி ஐஸ். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனென்றால் வேறு ஊருக்கு எழுதிய அறிவுரைகள் தோற்கும் இடம் இது.

குளிராக வைத்தால் கணக்கே மாறிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள், உறைந்த ஐஸ் பொதிகளோடு மூடிய குளிர்ப்பெட்டியில் 24 மணித்தியாலம் வரை என்பது அந்த அமெரிக்க மையத்தின் கணக்கு. 24 மணித்தியாலம் நமக்கு வேண்டாம், பின்னேரம் மூன்று மணி வரை நின்றால் போதும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை இழுக்கிறது. உடல் சூட்டில் இருக்கும் 200 மில்லிலீற்றர் பாலை 5 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 26,000 ஜூல் எடுக்க வேண்டும். அதற்கு 80 கிராம் ஐஸ் போதும், கைப்பிடியளவு. மிச்ச ஐஸ் எல்லாம் வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வெயிலோடு சண்டை பிடிக்கத்தான். ஆகவே எவ்வளவு ஐஸ் என்பதைவிட எந்தப் பாத்திரம் என்பதுதான் முக்கியம். மெல்லிய சிறிய ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டியில் அரைக் கிலோ ஐஸ் மூன்று நாலு மணித்தியாலத்தில் கரைந்துவிடும். அதே அரைக் கிலோ, வாய் அகன்ற நல்ல ஸ்ரீல் பிளாஸ்க்குக்குள் போனால் காலையிலிருந்து மாலைவரை தாராளமாக நிற்கும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிறவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: மெல்லிய பெட்டியென்றால் ஐஸைக் கூட்டு, திறந்து திறந்து பார்க்காதே.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். இரவே பிளாஸ்க்கைக் குளிர்த்தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து, விடிய ஐஸ்கட்டியால் முக்கால்வாசி நிரப்பி, கொஞ்சம் தண்ணீரும் விடுங்கள். ஐஸ் மட்டும் இருப்பதைவிட ஐஸ் கலந்த தண்ணீர் பாத்திரத்தை நாலு பக்கமும் தொட்டுக் கெதியாகக் குளிராக்கும். பாலை இறுக்கமாக மூடிய சிறிய போத்தலில் அதற்குள் இறக்குங்கள். தண்ணீர் உள்ளே போகாத மூடியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரெஜிபோம் பெட்டிதான் இருக்கிறதென்றால் இரண்டு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து எடுத்துச் செல்லுங்கள், பெட்டியைத் துவாயால் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்து திறக்கும்போது ஐஸ் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பமானி தேவையில்லை: தண்ணீருக்குள் ஐஸ் மிதக்கும்வரை அந்தத் தண்ணீர் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் நிற்கும், பாலும் பத்திரம். முழுவதும் உருகித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டால் எப்போது உருகியது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாலை ஃபிரிட்ஜில் சேர்த்து வைக்காதீர்கள்.

குளிரில் வைக்க வழியே இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம்? நமது பகல் வெக்கைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நம்பி வைக்க மாட்டேன். அது என் எச்சரிக்கை, எந்த அட்டவணையின் எண்ணுமல்ல. குறைமாதப் பிள்ளைக்கும் நோயுள்ள பிள்ளைக்கும் இதுவும் பொருந்தாது. அவர்களுக்கு வைத்தியசாலையில் சொல்லும் முறைதான்.

வீட்டுக்கு வந்த பாலை ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள், கதவுதான் அடிக்கடி திறந்து சூடாகும் இடம். புதிதாக எடுத்த சூட்டுப் பாலைக் குளிர்ந்த பாலில் ஊற்றக் கூடாது, இரண்டும் குளிர்ந்தபின் சேர்க்கலாம். 60, 70 மில்லிலீற்றராகப் பிரித்து வைத்தால் வீணாகாது, பிள்ளை வாய்வைத்த மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் ஊற்றத்தான் வேண்டும். மேலே ஆடை படிவது இயல்பு, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சிலரின் பால் ஃபிரிட்ஜில் இருந்தபின் சவர்க்கார மணம் மணக்கும். கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் என்ற நொதியின் வேலை அது, பால் பழுதல்ல, ஆனால் சில பிள்ளைகள் முகம் சுளிக்கும். சூடாக்குவதற்கு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் போத்தலைக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். அடுப்பில் காய்ச்சினால் நோயெதிர்ப்புப் பொருட்கள் அழியும், மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் கொதித்துப் பிள்ளையின் வாய் சுடும்.

வீட்டில் யார் கொடுப்பது என்பதில் கிழக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குப் போவதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதும் இங்கே வழக்கம். அதனால் பெரும்பாலும் பிள்ளையைப் பார்ப்பது தாயின் தாய். தன் மகளின் மார்பு கட்டி நோவதைக் கண்டறிந்தவள், பால்சுறாப் புட்டும் சரக்குத் தண்ணியும் வைத்துக் கொடுத்தவள். மாமியாரிடம் கேட்கக் கூச்சப்படும் விடயங்களை இவரிடம் கேட்கலாம். அதே அம்மம்மாவிடம்தான் எதிர்ப்பும் வரும்: "எடுத்து வைச்ச பால் பிள்ளைக்கு ஒத்துவராது, ரெண்டு கரண்டி மாப்பால் கரைச்சுக் குடுப்பம்" என்பார். சண்டை பிடித்து வெல்ல முடியாது. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும் நாளில் அம்மம்மாவையும் இருத்தி, மிஸ்ஸின் வாயால் சொல்லவைப்பதுதான் வழி.

வெயிலால் வந்த உடனே பால் கொடுக்கக் கூடாது, சூட்டுப் பால், முதலில் கொஞ்சம் பீச்சி ஊற்றிவிட்டுக் கொடு என்பதும் பரவலாக இருக்கிறது. மார்புக்குள் இருக்கும் பால் எந்த வெயிலிலும் உடல் சூட்டில்தான் இருக்கும், கெட்டுப்போகாது. வெயில் கெடுப்பது பைக்குள் இருக்கும் பாலை. அம்மம்மாவின் பயம் நியாயமானதே, தவறான பாத்திரத்தின் மேல் விழுந்திருக்கிறது. கை கால் கழுவி, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கலாம்.

போத்தலுக்குப் பதில் சிறு கோப்பையால் பருக்குவதைத்தான் நமது சுகாதாரத் துறை ஊக்குவிக்கிறது. சூப்பி இல்லை, கழுவ இலகு, பிள்ளைக்கு மார்பும் சூப்பியும் குழம்புவதும் இல்லை. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கோப்பையின் விளிம்பைக் கீழ் உதட்டில் வைத்துச் சாய்த்தால் அது தானே நக்கி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. முதல் நாட்களில் சிந்தும். தாய் பக்கத்தில் நின்றால் பிள்ளை கோப்பையைத் தட்டிவிடும், மணத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். அதனால் பழக்கும்போது தாய் வெளியே போய்விடுவது நல்லது. சில பிள்ளைகள் பகலில் கொஞ்சமே குடித்துவிட்டு இரவெல்லாம் மார்பில் தொங்கிக் கணக்கைத் தீர்க்கும். நித்திரை போகும்தான், ஆனால் பிள்ளை வளர்கிறதென்றால் அதுவும் ஒரு முறை.

பால் எடுக்க இடம் என்று பார்த்தால், கழிவறை கூடாது. அங்கே யாரும் சாப்பிட மாட்டோம், பிள்ளையின் சாப்பாட்டையும் அங்கே ஆயத்தம் பண்ணத் தேவையில்லை. பாடசாலையில் நோயாளர் அறை, நூலகத்தின் ஒரு மூலை, விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து அறை என்று ஏதாவது இருக்கும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பல வேலைத்தலங்களில் பெண்களுக்கான தொழுகை அறை உண்டு, தொழுகை நேரம் தவிர்த்து அது அமைதியான, கதவுள்ள இடம். ஒரு கதிரை, உள்தாழ்ப்பாள், திரை, கைகழுவத் தண்ணீர். இதற்குமேல் செலவு இல்லை. தடையாக இருப்பது பெரும்பாலும் ஆண் அதிபரிடம் இதைக் கேட்கும் கூச்சம். ஒருவர் தனியாகக் கேட்பதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து, அல்லது மூத்த ஆசிரியை ஒருவர் மூலம் கேட்டால் காரியம் இலகுவாக நடக்கிறது. 40 நிமிடப் பாடவேளை ஒன்று ஓய்வாகக் கிடைக்கும்படி நேரசூசியை மாற்றித்தரக் கேட்பதும் அப்படித்தான். இது சலுகைக் கேள்வி அல்ல என்றாலும், தவணை தொடங்குமுன் கேட்டால்தான் நடக்கும்.

பொது ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் பெயரும் நேரமும் ஒட்ட வேண்டும். இது சுத்தத்துக்காக மட்டுமல்ல. ஒரு தாயின் பாலை இன்னொருவரின் பிள்ளை இரண்டு வயதுக்குள் குடித்தால் பால்குடி உறவு உண்டாகும், அந்தப் பிள்ளையும் பால் கொடுத்த தாயின் பிள்ளைகளும் பின்னாளில் மணம் முடிக்க முடியாது என்பது இஸ்லாமிய மார்க்கச் சட்டம். இங்கே பரவலாகப் பின்பற்றப்படும் ஷாபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட மரபில் அதற்கு ஐந்து தடவை பாலூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை போத்தல் மாறியதால் எல்லாம் முடிந்துவிடாது, ஆனால் தெரியாமல் திரும்பத் திரும்ப மாறினால் சிக்கல். இரண்டு தாய்மார் ஒரே ஃபிரிட்ஜைப் பயன்படுத்தும் வைத்தியசாலை விடுதியில் இதை முதலிலேயே கதைத்து, ஆளுக்கொரு நிற மூடி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

கரண்ட் போவது இன்னொரு தலையிடி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியதை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருண்டது. மட்டக்களப்பின் ஃபிரீசரில் இருக்கும் பாலுக்குப் பாணந்துறைக் குரங்கு எமனாக வரும் நாடு இது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். ஃபிரீசர் நிறைய இருந்தால் குளிர் நீண்ட நேரம் நிற்கும், இடம் வெறுமையாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்புங்கள். உறைந்த பாலில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் திரும்ப உறைய விடலாம். முழுவதும் உருகியிருந்தால் திரும்ப உறைய வைக்காமல், குளிரில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுக்க வேண்டும். மாரியில் வெள்ளத்தோடு நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போகும் கிராமங்களில் ஃபிரீசர் சேமிப்பை நம்பியே இருக்க வேண்டாம். அந்த நாட்களில் பெரும்பாலும் பாடசாலையும் மூடியிருக்கும், பிள்ளை நேராக மார்பில் குடிக்கட்டும்.

வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன்னரே பழகத் தொடங்குவது போதும். காலையில் பால் கூட இருக்கும் நேரத்தில் பிள்ளை குடித்தபின் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், முதல் நாட்களில் கொஞ்சம்தான் வரும். போகுமுன் பிள்ளைக்கு வயிறாரக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது, வேலைத்தலத்தில் இரண்டு முறை எடுப்பது, வந்ததும் மார்பில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணித்தியாலம் சமாளிக்கலாம். பஸ்ஸிலோ படகுப் பாதையிலோ நேரம் இழுத்து மார்பு கனத்தால், உடுப்பின் மேலாகக் கையால் சற்று அழுத்திப் பிடித்தால் வடிவது கொஞ்ச நேரம் நிற்கும்.

ஆறு மாதம் முடிந்து மேலதிக உணவு தொடங்கினால் பகல் கணக்கு இறங்கிக்கொண்டே போகும். சோறும் பருப்பும் மீனும் மசித்துக் கொடுக்க, பகலுக்கு இரண்டு கோப்பைப் பால் ஒன்றாகும். எடுப்பதை ஒரேயடியாக விடாமல், இரண்டு வேளையில் ஒன்றை முதலில் சுருக்கி, நாலைந்து நாள் விட்டு மற்றதைச் சுருக்கினால் பால் கட்டாது. ஒரு வயதுக்குப் பின் பெரும்பாலானவர்களுக்குப் பிளாஸ்க்கும் ஐஸும் தேவைப்படாது. காலையும் பின்னேரமும் இரவும் மார்பில் கொடுத்துக்கொண்டே இரண்டு வயதுவரை போகலாம், பகலில் எடுக்காவிட்டாலும் அந்த வேளைகளுக்கு வேண்டிய பால் ஊறிக்கொண்டிருக்கும்.